பாப்பாவின் குறுக்குத் தையல்

“பன்னெண்டு டாக்டரு, மூணு ஸ்கேன் மெஷினு, நாலு மாடி ஆஸ்பத்திரி. அத்தனையையும் என் தங்கச்சி ரெண்டே தையல்ல தோக்கடிச்சா! வாயே திறக்கல. வயித்துக்குள்ள என்ன ஆச்சு, எந்த இடத்துல ஆச்சு, என்னிக்கு ஆச்சு, எல்லாத்தையும் துணி மேல எழுதிக் குடுத்தா. படிக்கத் தெரிஞ்ச ஆளுதான் அந்தக் கட்டடத்துல இல்ல.”

நீராவி இதை அறிவித்தது சலவைக்கூடத்தின் நடுவில், துணி தேய்க்கும் ரோலர் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. போன வாரம் சொன்னபோது டாக்டர்கள் ஏழு பேர்தான். அதற்கு முந்தின வாரம் நாலு. இந்த வேகத்தில் போனால் மாத முடிவுக்குள் உலகத்து வைத்தியர்கள் எல்லாரும் அவர் தங்கையிடம் தோற்று, வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. உண்மைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக நிறுத்துகிறவர், அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பத்தாறு வருஷம் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றதில் குணமும் அதைப் போலவே ஆகிவிட்டது. லேசாகத் தொட்டாலும் புஸ்ஸென்று வரும். அதனால் நீராவி.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. துணி மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அவர், நீராவியின் மனைவிக்குத் தம்பி. அதே ஆஸ்பத்திரியின் வாசல் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுக்கிறார். எமனே வந்தாலும் டோக்கன் வாங்காமல் உள்ளே போக முடியாது என்பதால் அவருக்கு டோக்கன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“கதை விடாதீங்க மாமா,” என்றார் டோக்கன். “அவ கையில எப்பவும் ஊசியும் நூலும் இருக்கும். எதையாவது தைச்சுக்கிட்டே இருப்பா. அன்னிக்கு நைட்டியில தைச்சுட்டா. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. அவளுக்கு என்ன தெரியும்?”

“உனக்கு என்னடா தெரியும்?” என்று ரோலருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய அக்காவின் குரல் வந்தது. “நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. உன்னையும்தான் கூப்பிட்டிருக்காங்க. என்ன சொல்லப் போற?”

“நான் எதைப் பார்த்தேன், சொல்றதுக்கு?”

“அந்த ரூமுல நீயும் நின்ன.”

“நின்னேன். நிக்கறவங்க எல்லாம் பார்க்கறவங்களா அக்கா?”

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தால் மனிதனுக்கு இப்படிப் பேச வந்துவிடுகிறது. நீராவி ஒரு விரிப்பை எடுத்து உதறினார். அந்த உதறலில் டோக்கனின் டீயில் பாதி தரைக்குப் போனது.

விசாரணை ஒரே ஒரு குறிப்புக்காகத்தான். நீராவியின் தங்கை பாப்பாவின் ஆஸ்பத்திரிக் கோப்பில், அவளை முதலில் பார்த்த கண்ணாடி டாக்டர் எழுதியிருந்தார்: ‘வயிறு தொட்டுப் பரிசோதிக்கப்பட்டது. மிருதுவாக உள்ளது. நடத்தைக் கோளாறு. இனி வரும்போது முதலில் மயக்க ஊசி போட்டு அமைதிப்படுத்தவும்.’ இந்தக் குறிப்பு நின்றுவிட்டால், அடுத்த முறை பாப்பாவுக்கு எங்கே வலித்தாலும் முதலில் ஊசி. தூங்கிய பிறகுதான் என்ன என்று கேட்பார்கள். தூங்குகிறவளிடம் கேட்டு என்ன பதில் வரும்? ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் அங்கே போயாக வேண்டும். போய்வர முடிகிற தூரத்தில் வேறு ஆஸ்பத்திரியும் கிடையாது.

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. காதோரம் நரைத்தாயிற்று, படிக்கக் கண்ணாடி வந்தாயிற்று, பெயர் மட்டும் பாப்பா. பிறந்தபோதே மூளை தன் வேகத்தில்தான் நடப்பேன் என்று சொல்லிவிட்டது. பேச்சு மொத்தம் ஐந்து வார்த்தை. வா, போ, வேணாம், அண்ணி, அப்புறம் துணி வண்டி தள்ளுகிறவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தை. முதல் நாலில் தடுமாறுவாள். ஐந்தாவதை மட்டும் இடம் பொருள் பார்த்து, ஒரு முறைகூடப் பிசகாமல் பயன்படுத்துவாள்.

சலவைக்கூடத்தில் அவளுடைய இடம் கிழக்கு ஜன்னல். ஆஸ்பத்திரி மூட்டைகள் பிரித்ததும் ஒவ்வொரு விரிப்பும் முதலில் அவள் கைக்கு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். கறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல். அது ஊறவைக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். கிழிசல் இருந்தால் குறுக்கே இன்னொன்று, கூட்டல் குறி மாதிரி. அது தையல்காரரிடம் போயாக வேண்டும். இல்லாவிட்டால் விரலளவு கிழிசலை ரோலர் கவ்வி முழ நீளத்துக்கு விரித்துவிடும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. முப்பது வருஷத்தில் அவள் தவறவிட்ட கிழிசல் ஒன்றுமில்லை என்பார் நீராவி. மூன்று என்பார் அவர் மனைவி. அந்த மூன்றும் மூடுபனிக் காலத்தில் நடந்தவை என்று பிறகு அவரே சேர்த்துக்கொள்வார்.

ஒரு ஆஸ்பத்திரியின் யோக்கியதை அதன் சுவரில் தொங்கும் சான்றிதழில் இல்லை, விரிப்பில் இருக்கிறது என்பது நீராவியின் கட்சி. எந்த வார்டில் மணியடித்தால் யாரும் எழுந்து வருவதில்லை, எந்த வார்டில் மருந்தைப் புகட்டாமல் கட்டிலில் கொட்டுகிறார்கள், எந்த டாக்டர் நோயாளியின் படுக்கையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தபடியே மறந்துவிட்டுப் போகிறார், எல்லாம் மூட்டையைப் பிரித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். “வெளியில வெள்ளைக் கோட்டு. அதையும் நான்தான் வெளுக்கறேன். அக்குள்ல இருக்கற மஞ்சள் எனக்கில்ல தெரியும்?” என்பார்.

இவ்வளவு தெரிந்த குடும்பம்தான் அந்த மழை வாரத்தில் முட்டாளாகப் போனது.

ஆறு நாள் விடாத மழை. கூடம் முழுக்கக் கயிறு கட்டி, ஈர விரிப்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்ததில் எல்லாருக்கும் கூன் விழுந்துவிட்டது. உலர்த்தும் டிரம் இரண்டில் ஒன்று படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை பாப்பா பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு அவளுடைய நைட்டியில், தொப்புளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே, ஒரு சிவப்புத் தையல் இருந்ததை அண்ணி கவனித்தார். அண்ணி என்றால் நீராவியின் மனைவி. பாப்பா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடத்தில் எல்லாருக்குமே அவர் அண்ணியாகிவிட்டார்.

அண்ணி அந்த இடத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். கறை இல்லை. கத்தரியால் நூலை வெட்டினார்.

“இல்லாத கறைக்கு எதுக்குடி நூலு? அது என்ன மரத்துல காய்க்குதா?”

மத்தியானம் மறுபடி அதே இடத்தில் தையல். மறுபடி கத்தரி. செவ்வாய்க்கிழமை வேறு நைட்டி, அதே இடம், அதே தையல். இந்த முறை அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க் கறையாக இருக்கும் என்று பாப்பாவை வேறு உடுப்பு மாற்றச் சொல்லி, நைட்டியைக் கொதிக்கிற சலவைச் சோடாத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டார். நூல் இருந்தால் துணியைப் பார். மூன்று தலைமுறைக் கைப்பழக்கம். துணிக்குள் ஓர் ஆள் இருக்கிறாள் என்பது அந்தப் பழக்கத்தில் சேரவில்லை.

அன்று மாலை பாப்பா மேஜை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டாள். தடுக்கப் போன நீராவியின் கையில் நாலு நகக் கீறல்.

உடனே டோக்கன் கிளம்பிவிட்டார். மைத்துனர் என்கிற முறையில் குடும்பத்துக்கு அவர் செய்யக்கூடிய ஒரே உபகாரம் அது. முதல் நம்பர் டோக்கன், வரிசையே கிடையாது. கண்ணாடி டாக்டரின் அறைக்குள் நேராகப் போனார்கள். அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதிலேயே பாதி வைத்தியத்தை முடித்துவிடுவார். மீதிப் பாதியை நோயாளியோடு வந்தவரைப் பார்த்துச் செய்வார்.

“இது எப்பவுமே இப்படித்தானா?” என்று நீராவியிடம் கேட்டார்.

“எதுங்க?”

“இதான். தலையை முட்டிக்கறது, பிறாண்டறது.”

“நாப்பத்தோரு வருஷத்துல இதான் முதல் தடவைங்க. சாப்பிடவும் மாட்டேங்கறா.”

“ம்ம். ஸ்பெஷல் கேஸ். இவங்களுக்கெல்லாம் இப்படி வரும். மழை பெஞ்சாக்கூட வரும்.”

“மழை எனக்குந்தாங்க பெய்யுது. நான் தலைய முட்டிக்கலையே.”

டாக்டர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். பின்னால் நின்ற டோக்கன் நீராவியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாலு நிமிஷத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது. தூக்கத்துக்கு ஒரு மருந்து, மறுநாள் மனசு டாக்டரைப் பார்க்க ஒரு கடிதம். அவ்வளவு நேரமும் பாப்பா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக்கூட டாக்டர் மூன்று தடவை பார்த்தார்.

புதன்கிழமை மனசு டாக்டர். அவர் நிறையக் கேட்டார், அண்ணியிடம். வீட்டில் ஏதாவது மாறியதா? யாராவது வந்தார்களா, போனார்களா? அண்ணி யோசித்து யோசித்து, சலவைச் சோப்புக் கம்பெனியை மாற்றியதைச் சொன்னார். டாக்டரின் முகம் புதையல் கிடைத்த மாதிரி மலர்ந்தது.

“அதான் காரணம்! வாசனை மாற்றம். இவங்களுக்கு மாற்றமே ஆகாது.”

“வயித்திலேயே கைய வெச்சுக்கிட்டிருக்கா டாக்டர்.”

“அது கவனத்தை ஈர்க்கறதுக்கும்மா. நீங்க கண்டுக்காதீங்க, தானா சரியாயிடும்.”

வெளியே வந்ததும் நீராவி புஸ்ஸென்று கிளம்பினார். “நாப்பத்தோரு வருஷமா ஒரு மூலையில உக்காந்து ஊர் அழுக்கைப் பார்த்துக்கிட்டிருக்கா. என்னைப் பாருன்னு ஒரு நாள் கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு தடவ கேட்டா, கண்டுக்காதேங்கறான். இதுக்குப் படிப்பு வேற!”

“மெதுவா மாமா. அவரு எனக்குத் தெரிஞ்சவரு,” என்றார் டோக்கன்.

“உனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்?”

மாத்திரை ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை காலையில் பாப்பா அமைதியாகிவிட்டாள். தலை இடிக்கவில்லை, பிறாண்டவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முகம் மட்டும் அலசிப் பிழிந்த துணி மாதிரி வெளுத்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த டோக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பார்த்தீங்களா மாமா? ஒரே மாத்திரை! சும்மா சும்மா டாக்டருங்களைத் திட்டறீங்களே.”

நீராவிகூட அரை மனசாக ஒப்புக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மத்தியானம் அண்ணி ரோலரிலிருந்து வந்த துணியை மடித்துக்கொண்டே திரும்பினார். பாப்பாவின் நைட்டியில் நூல். வழக்கமான இடம்தான். ஆனால் இந்த முறை ஒற்றைத் தையல் இல்லை. குறுக்குத் தையல்.

“கிழிசலா? காலையிலதானேடி இதை நானே தேச்சுக் குடுத்தேன்!”

தான் தேய்த்த துணியில் கிழிசல் என்றால் அண்ணிக்கு அது மானப் பிரச்சினை. பக்கத்தில் வந்து மண்டியிட்டார். கிழிசல் பார்க்க ஒரு முறை உண்டு. உள்ளங்கையைத் துணிக்கு அடியில் விரித்துக் கொடுத்து, மேலே வெளிச்சம் படப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் தோல் நிறம் தெரியும். நைட்டிக்குள் கையை விட்டு, அந்தக் குறிக்கு நேர் அடியில் உள்ளங்கையை வைத்தார்.

கை சுட்டது. இஸ்திரிப் பெட்டியில் முப்பது வருஷம் வெந்த கை, சட்டென்று வெளியே வந்துவிட்டது. மறுபடி வைத்தார். வயிறு மேஜைப் பலகை மாதிரி விறைத்திருந்தது. பாப்பா கத்தவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னங்க!” என்று அண்ணி போட்ட சத்தத்தில் ரோலரை யாரோ நிறுத்தினார்கள். “இங்க வாங்க. கிழிசல் துணியில இல்ல. பாவி நான், மூணு நாளா நூலை வெட்டிக்கிட்டிருக்கேன்!”

இரண்டரை மணிக்கு மறுபடி கண்ணாடி டாக்டரின் அறை. டோக்கன்தான் கூட்டிக்கொண்டு போனார், கொஞ்சம் சங்கடத்தோடு. அண்ணி மூச்சுவிடாமல் சொன்னார். ஒரு தையல் என்றால் கறை, குறுக்குத் தையல் என்றால் கிழிசல், திங்களிலிருந்து ஒன்று, இன்றைக்கு இரண்டு, காலையிலிருந்து அமைதியாகத்தான் இருந்தாள், ஆனால் வயிறு கொதிக்கிறது, ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். நைட்டியில் இருந்த குறியைப் பிடித்துக் காட்டினார். பாப்பாவும் தன் விரலை அதன் மேல் வைத்தாள்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தார். பிறகு டோக்கனைப் பார்த்தார். சிரித்தார்.

“ஓஹோ. இனிமே நாங்க ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஊசிநூல் வாங்கிடலாமா?”

டோக்கனும் சிரித்தார். மேலே இருப்பவர் சிரித்தால் கீழே இருப்பவர் சிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் மருந்தில்லாத நாள் உண்டு, அந்தச் சிரிப்பில்லாத நாள் கிடையாது.

“தொட்டுப் பாருங்க டாக்டர்,” என்றார் நீராவி. குரல் அதிசயமாகத் தாழ்ந்திருந்தது. “கெஞ்சிக் கேக்கறேன்.”

“தொட்டா கடிப்பாங்க. காலையிலேர்ந்து அமைதியா இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப மருந்து வேலை செய்யுது. இவங்களுக்கு வலியே அவ்வளவாத் தெரியாது.”

“ஒரு ஸ்கேனாவது எடுங்க.”

“அசையாம படுக்கணும். இவங்களால முடியாது. வீணா மெஷினை ஏன் தொந்தரவு பண்றது?”

மெஷினுக்குத் தொந்தரவு! நோயாளிக்கு இல்லாத மரியாதை அந்த இரும்புப் பெட்டிக்கு இருந்தது. பாப்பா தலையை நிமிர்த்தி, தன்னிடம் இருந்த ஐந்தாவது வார்த்தையைத் தெளிவாகச் சொன்னாள். டாக்டர் அதைத்தான் உடனே எழுதிக்கொண்டார்: தகாத பேச்சு. அதற்குக் கீழேதான் தொட்டுப் பரிசோதித்ததாகவும், வயிறு மிருதுவாக இருப்பதாகவும் அந்தக் குறிப்பு. அவருடைய இரண்டு கையும் அதுவரை மேஜையை விட்டு இறங்கவே இல்லை.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா. நாளைக்குப் பார்க்கலாம்,” என்று வராந்தாவில் டோக்கன் சொன்னார். சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போய்விட்டார்.

நீராவியும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வாசலில் டோக்கன் கேட்பார்கள், நம்பர் கேட்பார்கள், கடிதம் கேட்பார்கள். ஆனால் பின்பக்கம் துணிக்கென்று ஒரு கதவு இருக்கிறது. அங்கே மூட்டை எத்தனை என்று மட்டும்தான் கேட்பார்கள்.

மழையில் சலவைக்கூடத்து வண்டி சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி இறக்கும் மேடைக்கு வந்து நின்றது. சக்கரம் வைத்த துணிவண்டியில் பாப்பாவைப் படுக்கவைத்து, மேலே இரண்டு வெள்ளை விரிப்பு போர்த்தி, நீராவி முன்னாலும் அண்ணி பின்னாலும் தள்ளினார்கள். இந்தக் கட்டத்தில் அவர் கதையில் வண்டி அறுபது மைல் வேகத்தில் போகும், வழியில் இரண்டு நர்ஸுகள் தூக்கி எறியப்படுவார்கள். நிஜத்தில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே, ஆமை மாதிரிதான் போனது.

“எத்தனை மூட்டை?” என்றார் பின்வாசல் காவலாளி.

“ஒண்ணு. மூணாவது மாடிக்கு.”

விரிப்புக்குள்ளிருந்து ஐந்தாவது வார்த்தை கணீரென்று வந்தது.

“யோவ், என்னையாய்யா திட்டற?”

“உங்களைப் போய்த் திட்டுவேனா? இந்த மழையைத் திட்டினேன்,” என்றார் நீராவி. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடி அறுவைப் பிரிவு. அங்கேயிருந்த டாக்டரம்மா கையில் பாதி தின்ற ரொட்டியோடு வராந்தாவில் நின்றிருந்தார். முந்தின நாளிலிருந்து தூங்காத முகம், எரிந்து விழுகிற குரல்.

“இந்த நேரத்துல என்ன துணி? யாரு சொன்னது?”

அண்ணி விரிப்பை விலக்கினார். “துணி இல்ல டாக்டர். கிழிசல்.”

டாக்டரம்மா ஒரு கணம்தான் பார்த்தார். ரொட்டியை ஜன்னல் கட்டையில் வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, அண்ணியிடமும் நீராவியிடமும் எதுவும் கேட்காமல் வண்டிக்குள் குனிந்தார்.

“எங்க வலிக்குது? காட்டுறியாம்மா?”

நாலு நாளில் பாப்பாவிடமே கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். பாப்பா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குறுக்குத் தையலின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

“குடல்வால் வெடிச்சிருக்கு,” என்றார் டாக்டரம்மா, நிமிர்ந்து. பிறகு போட்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. “தியேட்டர் ரெடி பண்ணு! எத்தனை நாளா வலி? யாருமே பார்க்கலையா?”

“பார்த்தாங்க டாக்டர். ரெண்டு பேரு. இன்னிக்குக் காலையிலதான் அமைதியாயிட்டான்னு…”

“வெடிச்சா கொஞ்ச நேரம் வலி அடங்கும். அதைத்தான் குணம்னு நினைச்சிருக்கீங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா முழுசா அடங்கியிருக்கும்.”

ஆபரேஷன் மூன்று மணி நேரம். நீராவியின் கணக்கில் அது பதினெட்டு. பத்தொன்பது நாள் அங்கே படுத்திருந்தாள், அதில் ஆறு நாள் கண் திறக்கவில்லை. அந்த ஆறு நாளும் அவள் விரிப்பை அண்ணியே வெளுத்து அண்ணியே மாற்றினார். அப்போதெல்லாம் நீராவி எதையும் பெரிதுபடுத்திப் பேசவில்லை. பேசவே இல்லை. கொதிகலன் அணைந்த கூடம் மாதிரி இருந்தார். பாப்பா எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ‘வேணாம்’ என்று சொன்ன மறுநாள்தான் டாக்டர்கள் நாலு பேராக ஆனார்கள்.

மறுநாள் விசாரணை, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில். பெரிய மேஜை, சுவர் முழுக்கச் சான்றிதழ். ஒரு பக்கம் கண்ணாடி டாக்டர். எதிரே நீராவி, அண்ணி, நடுவில் பாப்பா. கதவோரம் டோக்கன், உட்காரச் சொன்னபோதும் உட்காராமல்.

“இவங்களை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கண்காணிப்பாளர் பாப்பாவைக் காட்டிக் கேட்டார்.

“அவ வயித்தைப் பத்தித்தானேங்க பேசப் போறோம்,” என்றார் அண்ணி.

அண்ணியின் மனு வாசிக்கப்பட்டது. மூன்று பக்கம், ஒரு மிகை கிடையாது. நீராவியை எழுதவிடாமல் அவரே எழுதியது. நூலை வெட்டியது தான்தான் என்பதைக்கூட விடாமல் எழுதியிருந்தார். கண்காணிப்பாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“நூலு, தையல்… இதெல்லாம் நம்பற மாதிரி இல்லையேம்மா. கோப்புல தொட்டுப் பரிசோதிச்சதா இருக்கு. டாக்டர், நீங்க சொல்லுங்க.”

கண்ணாடி டாக்டர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வலப்பக்கம் அடிவயிறு, மூணு இடத்துல நல்லா அழுத்திப் பார்த்தேன் சார். வலி இருந்தா கத்தியிருப்பாங்க. ஆனா சிரிச்சாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அறையில சிரிப்புச் சத்தம் கேட்டுது. அதனாலதான் மிருதுன்னு எழுதினேன். வெடிச்சது அதுக்கு அப்புறமா இருக்கலாம். வீட்டுல தாமதம் பண்ணியிருக்காங்க.”

நீராவி எழுந்துவிட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் வாயில் வந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் ஊரெல்லாம் பன்னிரண்டு டாக்டர் கதை சொன்ன வாய் அது. அந்த அறையில் அதை யார் நம்புவார்கள் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

“கவுண்டர்க்காரர். அன்னிக்கு நீங்க உள்ள இருந்தீங்களாமே?”

“இருந்தேன் சார்.”

“டாக்டர் சொல்றது சரிதானே? வேலை கிடக்கு, சட்டுன்னு சொல்லிட்டுப் போங்க.”

கண்ணாடி டாக்டர் டோக்கனைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், டோக்கனின் உதடும் அந்தப் பக்கமாக லேசாக இழுபட்டது. பிறகு எங்கேயோ மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. பாப்பா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, எதையும் எதிர்பார்த்தும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரிப்பைப் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“சார்,” என்றார் டோக்கன். கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். “சிரிச்சது அவ இல்ல சார்.”

“என்ன?”

“டாக்டர் சிரிச்சாரு. அவரு சிரிச்சாருன்னு நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்புதான் கேட்டுது. அவ விரலை வெச்சு இடத்தைக் காட்டிக்கிட்டிருந்தா. டாக்டர் கை மேஜைய விட்டு இறங்கல சார். தொடவே இல்ல.”

“யோசிச்சுச் சொல்றீங்களா?” என்றார் கண்காணிப்பாளர், ஒவ்வொரு எழுத்தாக. “உங்க வேலையும் இங்கதான்.”

“இத்தனை நாளு யோசிச்சுட்டுத்தான் சார் இல்லன்னுக்கிட்டிருந்தேன். எங்க மாமாகிட்டயும் இல்லன்னேன், நேத்துகூட.” டோக்கன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அப்ப இந்த அம்மா எழுதியிருக்கறது?”

“அவளுக்குத் தெரிஞ்சுதான் சார் காட்டினா. நடந்துது. ஒரு வரி விடாம நடந்துது.”